4கே வீடியோ எடிட் செய்யும்போது சாஃப்ட்வேர் கிராஷ் ஆவது ஏன்? மதுரை கல்யாண வீடியோ எடிட்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முகூர்த்த மாதம் முடிந்தால் மண்டபங்களுக்கு ஓய்வு. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டியது, மண்டபத்தில் வரவேற்பு, மறுவீடு, இடையில் ட்ரோன் ஷாட் என்று எடுத்த அத்தனையும் ஹார்டு டிஸ்க்கில் வந்து குவியும். "அண்ணே, வீடியோ எப்ப கிடைக்கும்?" என்று மாப்பிள்ளை வீட்டில் இருந்து போன் வரும். அந்த நேரம் பார்த்து எடிட்டிங் சாஃப்ட்வேர் ஹேங் ஆகும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

இது மதுரைக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. ஆனால் கேமராக்கள் 4கே-வுக்கு மாறிவிட்டன, எடிட் செய்யும் கம்ப்யூட்டர் இன்னும் எச்டி காலத்திலேயே நிற்கிறது என்ற நிலை பல சிறு ஸ்டுடியோக்களில் உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையும் சித்திரைத் திருவிழாவையும் எடுத்து யூடியூபில் போடும் இளைஞர்களுக்கும் இதே தலைவலிதான். கல்யாணத்தையோ, கள்ளழகர் வைகையில் இறங்கும் காட்சியையோ இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால் கிராஷ் ஏன் ஆகிறது, எங்கே ஆகிறது, எப்படித் தடுப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

4கே என்றால் எவ்வளவு பாரம்?

ஃபுல் எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கும். 4கே யுஎச்டி ஃபிரேமில் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம். பெயரைக் கேட்டால் இரண்டு மடங்கு போலத் தோன்றும். உண்மையில் நான்கு மடங்கு. 8கே என்றால் 16 மடங்கு.

கார்டில் இருக்கும் ஃபைல் சின்னதாகத்தான் தெரியும். காரணம், அது சுருக்கி வைக்கப்பட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேர் அதை விரித்துத்தான் திரையில் காட்ட முடியும். விரித்தால் ஒரே ஒரு 4கே ஃபிரேம் சுமார் 33 எம்பி வரும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 800 எம்பிக்கு மேல். கலர் கிரேடிங்குக்காக சாஃப்ட்வேர் 32 பிட் துல்லியத்தில் கணக்குப் போட்டால், அதே ஒரு ஃபிரேம் சுமார் 133 எம்பி ஆகிவிடும்.

ஜல்லிக்கட்டில் காளை வாடிவாசலைத் தாண்டும் காட்சியை ஸ்லோ மோஷனுக்காக நொடிக்கு 120 ஃபிரேமில் எடுக்கிறார்கள். அப்போது 25 ஃபிரேமை விட கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஃபிரேம்கள் வரும். மூன்று கேமரா மல்டிகேம் போட்டால், மூன்று 4கே வீடியோவும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். எச்டியில் ஓடிப் பழகிய சிஸ்டம் இங்கேதான் மூச்சு வாங்குகிறது.

ஃபைல் சின்னது, வேலை பெருசு: எச்.265 சிக்கல்

பல கேமராக்களும் ட்ரோன்களும் செல்போன்களும் எச்.264 அல்லது எச்.265 முறையில்தான் வீடியோவைச் சுருக்குகின்றன. எச்.264 தரநிலை 2003-லும், எச்.265 தரநிலை 2013-லும் வந்தவை. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு மொய் நோட்டே நல்ல உதாரணம்.

மொய் நோட்டில் பக்கத்தின் தலைப்பில் மட்டும் அதுவரை வந்த மொத்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறது, அதற்குக் கீழே ஒவ்வொருவரும் போட்டது மட்டும் வரிவரியாக இருக்கிறது என்று வையுங்கள். 18-வது வரியில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், தலைப்பில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடியும். எச்.264, எச்.265 ஃபைல்களும் அப்படித்தான். சில ஃபிரேம்கள் மட்டுமே முழுப் படமாக இருக்கும். மற்றவை, பக்கத்து ஃபிரேம்களில் இருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. நீங்கள் டைம்லைனில் எங்கேயாவது கிளிக் செய்தால், சாஃப்ட்வேர் முழுப் படம் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ரிவர்ஸில் ஓட்டினால் இன்னும் கஷ்டம்.

பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் ஏற்ற வடிவம் இது; வெட்டி ஒட்டுவதற்கு ஏற்றதல்ல. இதில் எச்.265 ஃபைலைப் பாதி அளவுக்குச் சுருக்கும், ஆனால் விரிப்பதற்கு எச்.264-ஐ விட அதிக உழைப்பைக் கேட்கும்.

இந்த உழைப்பை பிராசசரின் தலையில் கட்டாமல் செய்ய கிராஃபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. இதை ஹார்டுவேர் டிகோடிங் என்பார்கள். ஆனால் எல்லா சிப்பும் எல்லா வகையையும் விரிக்காது. இன்று பல மிரர்லெஸ் கேமராக்கள் தரும் '10 பிட் 4:2:2' வகை எச்.265 இதில் முக்கியமான கண்ணி. என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை இந்த வகையை ஹார்டுவேரில் விரிப்பதில்லை. இன்டெல் 11-வது தலைமுறை முதல் வந்த பிராசசர்களில் உள்ள உள்கிராஃபிக்ஸ் இதைச் செய்யும். ஆப்பிளின் எம்1 முதலான சிப்களும் செய்யும்.

"புதுசா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டும் அதே ஸ்லோதான்" என்று புலம்புகிறவர்கள் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். இன்டெல் பிராசசரில் பெயர் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது என்பதையும் அசெம்பிள் செய்வதற்கு முன்பு கவனியுங்கள். உள்கிராஃபிக்ஸ் இருந்தும் பயாஸில் அது அணைக்கப்பட்டிருந்தால் பயன் இல்லை.

முதல் வேலை: எங்கே கிராஷ் ஆகிறது என்று பாருங்கள்

கிராஷ் ஆனதும் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது, ரேம் வாங்குவது என்று இறங்குவது பணத்துக்குக் கேடு. காய்ச்சல் வந்தால் எப்போது வருகிறது என்று டாக்டர் கேட்பதுபோல, கிராஷ் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாஃப்ட்வேர் திறக்கும்போதே மூடிக்கொண்டால்: பிளக்-இன், எழுத்துரு அல்லது பழுதான செட்டிங்ஸ் மீது சந்தேகப்படலாம். பிரீமியர் ப்ரோவை ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே திறந்தால் செட்டிங்ஸை மீட்டமைக்கும் வழி வரும். எழுத்துருவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பத்திரிகை டிசைன், டைட்டில் என்று பழைய தமிழ் எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கும் சிஸ்டங்களில், பழுதான ஒரே ஒரு எழுத்துரு ஃபைல் சாஃப்ட்வேரை விழுத்தாட்டும். தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட புராஜெக்டைத் திறக்கும்போது மட்டும் கிராஷ் ஆனால்: சிஸ்டம் நலம், புராஜெக்ட் ஃபைலில்தான் கோளாறு. புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, பழைய புராஜெக்டை அதற்குள் இம்போர்ட் செய்து பாருங்கள். முடியாவிட்டால் ஆட்டோசேவ் ஃபோல்டரில் உள்ள முந்தைய பிரதியைத் திறக்கலாம்.

டைம்லைனில் ஓட்டும்போது திணறி மூடினால்: ரேம், கிராஃபிக்ஸ் மெமரி, ஹார்டு டிஸ்க் வேகம், எச்.265 ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும்.

எக்ஸ்போர்ட்டில் எப்போதும் ஒரே சதவீதத்தில் நின்றால்: அந்த இடத்தில் உள்ள கிளிப் அல்லது எஃபெக்ட்தான் குற்றவாளி. 63 சதவீதத்தில் நின்றால், டைம்லைனின் அந்தப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால், அல்லது சிஸ்டமே ரீஸ்டார்ட் ஆனால்: சூடு, மின்சாரம், ரேம் பழுது போன்ற ஹார்டுவேர் காரணங்களைத் தேட வேண்டும்.

எந்த இடம் என்று பிடிபடாவிட்டால் பழைய வழி ஒன்று உண்டு. டைம்லைனைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது ஒழுங்காக வந்தால் கோளாறு இரண்டாம் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். இரண்டு மணி நேர வீடியோவில் ஆறு முறை இப்படிப் பிரித்தால் இரண்டு நிமிடத்துக்குள் வந்து நிற்பீர்கள்.

கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டைம்லைனை ஓட்டுங்கள். மெமரி 95 சதவீதத்தைத் தொட்ட பிறகு கிராஷ் ஆனால் ரேம் போதவில்லை. ஜிபியு பகுதியில் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' நிரம்பிய பிறகு கிராஷ் ஆனால் கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்டு டிஸ்க் வேகம் போதவில்லை.

அடோபி நிறுவனம் பிரீமியர் ப்ரோவில் எச்டி வீடியோவுக்கு 16 ஜிபி ரேமும், 4கே-வுக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேலும் பரிந்துரைக்கிறது. 8 ஜிபி ரேமில், குரோமில் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு 4கே எடிட் செய்வது நடக்கிற காரியமில்லை.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், எந்த நாளில் எந்த சாஃப்ட்வேர் ஏன் மூடியது என்ற பட்டியலைப் பார்க்கலாம். அதில் 'ஃபால்ட் மாட்யூல் நேம்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே என்விடியா டிரைவரின் ஃபைல் பெயர் வந்தால் டிரைவர் மீதும், பிளக்-இன் பெயர் வந்தால் அந்த பிளக்-இன் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது "ஹேங் ஆகுது" என்று மட்டும் சொல்வதற்குப் பதில், இந்த வரியை போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

பெரிய தீர்வு: ப்ராக்ஸி

புதிய கம்ப்யூட்டர் வாங்காமலேயே பெரும்பாலான கிராஷ்களைத் தவிர்க்க உதவுவது ப்ராக்ஸி முறை. ஒவ்வொரு 4கே கிளிப்புக்கும் ஒரு லேசான பிரதி எடுத்து, எடிட்டிங் முழுவதையும் அந்தப் பிரதியில் செய்வது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் சாஃப்ட்வேர் ஒரிஜினல் 4கே ஃபைலை எடுத்துக்கொள்ளும். முடிவில் கிடைக்கும் தரத்தில் எந்தக் குறையும் இருக்காது.

பிரீமியர் ப்ரோவில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ப்ராக்ஸி' பிரிவில் 'கிரியேட் ப்ராக்ஸிஸ்' கொடுத்தால் மீடியா என்கோடர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்விலும் ப்ராக்ஸி மீடியா, ஆப்டிமைஸ்டு மீடியா என்ற வசதிகள் உள்ளன. ஃபைனல் கட் ப்ரோவிலும் உண்டு.

ப்ராக்ஸிக்கு எச்.264-ஐத் தேர்ந்தெடுப்பதை விட, புரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற வடிவங்கள் நல்லது. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம். மொய் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் மொத்தத் தொகை எழுதியிருப்பது போல. எங்கே கிளிக் செய்தாலும் உடனே நிற்கும். எச்டி அளவில் 25 ஃபிரேம் புரோரெஸ் ப்ராக்ஸி, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி எடுக்கும். அந்த இடத்தை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

ப்ராக்ஸி உருவாக நேரம் பிடிக்கும்தான். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். நாளைக்கு நான்கு முறை கிராஷ் ஆகி இழக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது லாபம்.

ப்ராக்ஸிக்கும் நேரமில்லை என்றால், பிளேபேக் ரெசல்யூஷனை பாதி அல்லது கால் பங்காகக் குறையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், ஸ்டெபிலைசேஷன் போன்ற கனமான எஃபெக்ட்களைக் கடைசியில் போடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு ஃபிரேமைச் சுத்தம் செய்ய அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் மெமரியில் எடுத்து வைக்கும். ரிசால்வில் கிராஃபிக்ஸ் மெமரி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை அடிக்கடி வருவது இந்த இடத்தில்தான்.

செல்போன் வீடியோவில் ஒரு வம்பு

சொந்தக்காரர்கள் போனில் எடுத்த வீடியோவையும் சேர்க்கச் சொல்வது வழக்கம். செல்போன்கள் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். இதனால் டைம்லைனில் நாதஸ்வரச் சத்தம் முன்னால் போகும், படம் பின்னால் வரும். சில நேரம் சாஃப்ட்வேரே திணறும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச சாஃப்ட்வேரில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' தேர்ந்தெடுத்து, 25 அல்லது 30 ஃபிரேமுக்கு மாற்றிய பிறகு டைம்லைனில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வாங்காமல், ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குவதும் முக்கியம்.

டிஸ்க், கேச்: எதை எங்கே வைப்பது?

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா நான்கு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இதை பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வைத்து மல்டிகேம் எடிட் செய்தால், முள் மூன்று ஃபைலுக்கும் மாறி மாறி ஓடியே களைத்துவிடும். பென்டிரைவ், மெமரி கார்டில் இருந்து நேரடியாக எடிட் செய்வது இன்னும் மோசம். இணைப்பு ஒரு நொடி அசைந்தால்கூட சாஃப்ட்வேர் விழும்.

நடப்பு வேலையை எஸ்எஸ்டியில் வையுங்கள். முடிந்த வேலையைப் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் நிரம்பி வழிந்தால் எந்த சாஃப்ட்வேரும் நிற்காது. பிரீமியர் ப்ரோ தன் கேச் ஃபைல்களை வழக்கமாக சி டிரைவில்தான் குவிக்கும். எடிட், பிரிஃபரன்சஸ், மீடியா கேச் என்று போய், அதை வேறு எஸ்எஸ்டியில் ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றலாம். பழையதை அங்கேயே அழிக்கலாம்.

தனி ஃபோல்டர் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வீடியோகிராஃபர் 2018-ல் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தார். பிரீமியர் ப்ரோவின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் கேச்சை அழித்தபோது, தன் ஒரிஜினல் வீடியோ ஃபைல்களும் சேர்ந்து அழிந்துவிட்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்தக் கோளாறு அடுத்த அப்டேட்டிலேயே சரிசெய்யப்பட்டது. பாடம் இதுதான்: கேச் ஃபோல்டரும் ஒரிஜினல் ஃபுட்டேஜும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

சித்திரை வெயிலும் கரண்ட் கட்டும்

மதுரையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அறைக்குள் வரும் காற்றே அவ்வளவு சூடு என்றால், அந்தக் காற்றால்தான் பிராசசர் குளிர வேண்டும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் சிஸ்டம் அணைந்துவிடும். காலையில் நன்றாக எக்ஸ்போர்ட் ஆனது மதியம் இரண்டு மணிக்குக் கிராஷ் ஆகிறதா? சூட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவசக் கருவியில் வெப்பநிலையைப் பார்க்கலாம். கேபினைத் திறந்து ஃபேனில் படிந்த புழுதியை எடுங்கள். தெருவை ஒட்டிய கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இது தேவை. லேப்டாப்பை மெத்தை மீது வைக்க வேண்டாம். பெரிய எக்ஸ்போர்ட்களை இரவுக்குத் தள்ளலாம். தூங்கா நகரத்தில் இரவில் வேலை பார்ப்பது புதிதில்லை.

அடுத்தது மின்சாரம். எக்ஸ்போர்ட் பாதியில் கரண்ட் போனால், அதுவரை உருவான எம்பி4 ஃபைல் பெரும்பாலும் திறக்காது. அந்த வகை ஃபைலின் பொருளடக்கம் போன்ற பகுதி கடைசியில்தான் எழுதப்படும் என்பதே காரணம். கேமராவில் பதிவு ஓடும்போது பேட்டரியை எடுத்தாலும் இதே கதிதான். அப்படிப்பட்ட ஃபைலை, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைலை மாதிரியாகக் கொடுத்து மீட்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. அதனால் பழுதான ஃபைலை உடனே அழித்துவிட வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டத்துக்கு, கடையில் கிடைக்கும் சிறிய 600 விஏ யுபிஎஸ் போதாது. அதன் உண்மையான தாங்குதிறன் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். எக்ஸ்போர்ட் நேரத்தில் கார்டும் பிராசசரும் சேர்ந்து இழுத்தால் யுபிஎஸ்ஸே கைவிட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால், அதில் யுபிஎஸ் மோடு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பைப் பார்த்து எக்ஸ்போர்ட்டைத் திட்டமிடுவதும் நல்ல பழக்கம்.

தவறு பிராசசரிலேயே இருந்தால்?

எல்லாம் சரியாக இருந்தும் கிராஷ் நிற்காத சம்பவங்களும் உண்டு. இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில நிலையற்றுப் போவதை அந்த நிறுவனமே 2024-ல் ஒப்புக்கொண்டது. பிராசசருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போவது காரணம் என்று கூறி, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த வகை பிராசசர் வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ரேம் மீது சந்தேகம் என்றால், விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டலாம். அசெம்பிள் சிஸ்டத்தில் ரேமின் வேகத்தைப் பயாஸில் ஏற்றி வைத்திருந்தால், அதைப் பழைய நிலைக்குக் குறைத்துப் பாருங்கள்.

அப்டேட் செய்யலாமா, வேண்டாமா?

கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பல கிராஷ்கள் நிற்கும். என்விடியா கார்டு என்றால் விளையாட்டுக்கான 'கேம் ரெடி' டிரைவருக்குப் பதில் 'ஸ்டுடியோ' டிரைவரைப் போடுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்காகச் சோதித்து வெளியிடப்படுவது அது.

ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேரை வேலை பாதியில் இருக்கும்போது அப்டேட் செய்ய வேண்டாம். புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்ட், பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். டெலிவரி முடிந்த பிறகு, புராஜெக்ட் ஃபைலின் பிரதியை எடுத்து வைத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

'கிராக்' செய்த சாஃப்ட்வேர் பயன்படுத்துவோருக்கு இந்த வழியே கிடையாது. அப்டேட் வராது, வந்தாலும் போட முடியாது. கிராக் ஃபைலோடு சேர்ந்து வைரஸ் வரும். வாடிக்கையாளரின் கல்யாண ஃபுட்டேஜ் மொத்தத்தையும் ரான்சம்வேர் பூட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது ஸ்டுடியோக்காரர்தான். செலவு செய்ய முடியாதவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு இருக்கிறது. 4கே யுஎச்டி அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை அதில் எக்ஸ்போர்ட் செய்யலாம், வாட்டர்மார்க் விழாது. ஹார்டுவேர் டிகோடிங்கில் இலவசப் பதிப்புக்குச் சில கட்டுப்பாடுகள் உள்ளதால், ப்ராக்ஸி முறையோடு சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது.

நாளைக்கு டெலிவரி, இன்றைக்குக் கிராஷ்: அவசர வழிகள்

1. புராஜெக்டைப் புதிய பெயரில் சேமியுங்கள். பழையதன் மேல் எழுத வேண்டாம்.

2. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்து, மற்ற எல்லா சாஃப்ட்வேரையும் மூடுங்கள்.

3. மீடியா கேச்சை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

4. எக்ஸ்போர்ட் செட்டிங்கில் 'ஹார்டுவேர் என்கோடிங்' என்பதை 'சாஃப்ட்வேர் என்கோடிங்' ஆக மாற்றுங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும்.

5. அப்போதும் நின்றால், பிரீமியரில் புராஜெக்ட் செட்டிங்ஸுக்குப் போய் ரெண்டரரை 'சாஃப்ட்வேர் ஒன்லி' ஆக்கிப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு கிராஃபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவரில் என்பது உறுதி.

6. டைம்லைனைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, டிஎன்எக்ஸ்எச்ஆர் அல்லது புரோரெஸ் வடிவில் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு புதிய புராஜெக்டில் அவற்றை மட்டும் வரிசையாக ஒட்டி எம்பி4 ஆக மாற்றுங்கள். நடுவில் ஒரு துண்டு கிராஷ் ஆனாலும், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

7. குற்றவாளி கிளிப் தெரிந்துவிட்டால், அதை மட்டும் தனியாக வேறு வடிவத்துக்கு மாற்றி, பழைய இடத்தில் வையுங்கள்.

கிராஷ் ஆனாலும் இழப்பு வராமல் இருக்க

எவ்வளவு நல்ல சிஸ்டமும் ஒரு நாள் நிற்கும். நின்றால் என்ன போகும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும். ஆட்டோசேவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வையுங்கள். சேமிக்கும் பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். புராஜெக்ட் ஃபைல் சில எம்பி அளவுதான் இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் அதை கூகுள் டிரைவிலோ மெயிலிலோ போட்டு வைக்க ஒரு நிமிடம் போதும். ஃபுட்டேஜ் பத்திரமாக இருந்தால், இந்தச் சின்ன ஃபைலை வைத்து எந்த சிஸ்டத்திலும் வேலையைத் தொடரலாம்.

ஃபுட்டேஜுக்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். ஸ்டுடியோவில் ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி, வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் என்று வைத்தாலே இந்தக் கணக்கு நிறைவேறிவிடும். இரண்டு பிரதியும் திறக்கிறதா என்று பார்க்காமல் கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு கார்டு வேண்டும் என்ற அவசரத்தில்தான் பல கல்யாணங்கள் காணாமல் போகின்றன. இன்னொரு கார்டு வாங்க சில ஆயிரம் ரூபாய் ஆகும். அழிந்துபோன தாலி கட்டும் காட்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.